பெட்டி மேல இருக்கிற படம்: லைசென்ஸ் லெகோ செட் கற்பனையைக் குறைக்குதா?

லெகோ பற்றிப் பேச்சு எடுத்தாலே ரெண்டு கட்சி உருவாகிடும். முதல் கட்சி சொல்றது இதுதான்: "அந்தக் காலத்துல ஒரு பெட்டி நிறைய கலர் கலரா பிளாக்ஸ் வரும். குழந்தை தனக்குத் தோணினதைக் கட்டும். இப்போ ஸ்டார் வார்ஸ், ஹாரி பாட்டர், மார்வெல்னு வருது. மேனுவலைப் பார்த்துக் கட்டி ஷெல்ஃப்ல வச்சிடறாங்க. இதுல கற்பனை எங்கே இருக்கு?" ரெண்டாவது கட்சி ஒரே வரியில் பதில் சொல்லிடும்: "பிளாக் பிளாக்தானே? பிரிச்சு வேற கட்டு. யார் தடுத்தா?"

லைசென்ஸ் செட் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு சினிமா, காமிக்ஸ் அல்லது கேம் வைத்திருக்கும் நிறுவனத்திடம் உரிமை வாங்கி, அதற்கு ராயல்டி கொடுத்து, அந்தக் கதையின் வண்டிகளையும் கட்டடங்களையும் ஆட்களையும் பிளாக்ஸாக விற்பது. பெட்டி மேல ஒரு படம் இருக்கும். உள்ளே அந்தப் படத்தை அப்படியே கட்ட வேண்டிய பார்ட்ஸும், படிப்படியாகச் சொல்லும் மேனுவலும் இருக்கும்.

இது குழந்தைகளின் விளையாட்டைக் குறுக்குகிறதா? என் பதிலை இப்பவே சொல்லிடறேன். குறுக்கலாம், ஆனால் அந்தக் குறுக்கலில் லைசென்ஸின் பங்கு நாம நினைக்கிறதை விடக் குறைவு. "லைசென்ஸ் செட்" என்று ஒரே பெயரில் மூன்று வேறு வேறு விஷயங்களை நாம கட்டிப் போட்டு வச்சிருக்கோம்: பார்ட், மேனுவல், கதை. பரிசோதனையில் மூன்று வேரியபிளையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு ரிசல்ட்டுக்குக் காரணம் எது என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? அதனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

லெகோவில் ரொம்பப் பழக்கமான பிளாக் 2×4. மேலே இரண்டு வரிசையில் எட்டுக் குமிழ்கள் இருக்கும். ஒரே நிறத்தில் இரண்டு 2×4 பிளாக்கை எத்தனை விதமாக ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தலாம்? பேப்பரை எடுத்துப் போட்டே பார்க்கலாம்.

கீழ் பிளாக்கை அசையாமல் வைங்க. மேல் பிளாக் அதே திசையில் இருந்தால், நீளவாக்கில் 7 இடம், அகலவாக்கில் 3 இடம். ஆக 21. மேல் பிளாக்கை 90 டிகிரி திருப்பினால், இரு பக்கமும் 5 இடம். ஆக 25. மொத்தம் 46. ஆனால் முழு அமைப்பையும் 180 டிகிரி சுற்றினால் ஒரு அமைப்பு இன்னொன்றாகத் தெரியும், அதனால் பெரும்பாலானவை இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கு. சுற்றினாலும் மாறாதவை இரண்டே இரண்டு: நேர் மேலே உட்கார்வது, நடுவில் கூட்டல் குறி மாதிரி உட்கார்வது. எனவே (46 + 2) ÷ 2 = 24.

இரண்டு பிளாக்குக்கு 24. மூன்றுக்கு 1,060. ஆறு பிளாக்குக்கு? லெகோ நிறுவனம் ரொம்ப வருஷம் 10,29,81,500 என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது ஆறு அடுக்கு உயரமுள்ள கோபுரங்களை மட்டும் எண்ணிய கணக்கு. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித ஆய்வாளர் சோரன் எய்லர்ஸ் எல்லா உயரங்களையும் சேர்த்து கம்ப்யூட்டரில் எண்ணினார். விடை 91,51,03,765. வெறும் ஆறு பிளாக்குக்கு 91 கோடிக்கு மேல்!

இந்த எண்ணுக்குப் பெட்டி மேல என்ன படம் இருக்குன்னு தெரியாது. பேட்மேன் பெட்டியில் இருந்து ஆறு 2×4 எடுத்தாலும் அதே 91 கோடிதான். அப்போ ரெண்டாவது கட்சி ஜெயிச்சிடுச்சா? இல்லை. நம்ம அல்காரிதம் வகுப்பில் வரும் ஒரு வேறுபாடு இங்கே உதவும். தேடக்கூடிய வெளி எவ்வளவு பெரியது என்பது ஒன்று. அதில் நாம உண்மையில் எவ்வளவு தூரம் தேடினோம் என்பது இன்னொன்று. வெளி எவ்வளவு பெரிசா இருந்தாலும், முதல் விடை கிடைத்ததும் தேடலை நிறுத்திட்டா மிச்சம் எல்லாம் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆகவே நாம கேட்க வேண்டிய கேள்வி: லைசென்ஸ் செட்டில் தேடல் எங்கே நிற்குது, எதனால் நிற்குது?

லைசென்ஸ் ஏன் வந்தது?

இதுக்குக் கொஞ்சம் வரலாறு தேவை. 1932-இல் டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென் என்ற தச்சர் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1949-இல் பிளாஸ்டிக் பிளாக் வந்தது. அதுவும் சொந்தக் கண்டுபிடிப்பு கிடையாது. இங்கிலாந்தின் ஹிலாரி ஃபிஷர் பேஜ் வடிவமைத்த கிட்டிகிராஃப்ட் பிளாக்கைப் பின்பற்றியது. அடிப்பக்கம் வெறும் குழியாக இருந்ததால் பிடிமானம் குறைவு. ஓலேயின் மகன் காட்ஃப்ரெட் அந்தக் குழிக்குள் குழாய்கள் வைக்கும் வடிவத்துக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. இடைவெளி, பிளாக்கின் உயரம் 9.6 மி.மீ. அன்று செய்த பிளாக் இன்று செய்த பிளாக்கோடு பொருந்தும். நம்ம பாஷையில் சொன்னால், அறுபது வருஷத்துக்கு மேலாக பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி உடையாத ஒரு இன்டர்ஃபேஸ்.

ஆனால் காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. 1980-களின் முடிவுக்குள் அது தீர்ந்துபோனது. கனடாவின் மெகா பிளாக்ஸ் போன்ற நிறுவனங்கள் அதே அளவில் பொருந்தும் பிளாக் செய்து விற்றன. நம்ம ஊர்ப் பொம்மைக் கடையில் குறைந்த விலைக்கு அதே மாதிரி பிளாக்ஸ் கிடைப்பதும் இதனால்தான். லெகோ விடவில்லை, பிளாக்கின் வடிவத்தையே டிரேட்மார்க் என்று கோரியது. 2005-இல் கனடா உச்ச நீதிமன்றமும், 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் ஏற்கவில்லை. ஒரு வடிவம் வேலை செய்வதற்காகவே அப்படி இருக்கிறது என்றால், அதை டிரேட்மார்க்காக என்றென்றைக்கும் பூட்டி வைக்க முடியாது என்பதுதான் அடிப்படை.

இப்போ வியாபாரியாக யோசிங்க. பிளாக்கை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் டார்த் வேடரை, உரிமை வாங்கியவர் மட்டும்தான் செய்யலாம். 1998-இல் லெகோ தன் வரலாற்றிலேயே முதல் முறையாக நஷ்டம் கண்டது. 1999-இல் ஸ்டார் வார்ஸ் செட்கள் வந்தன. நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது, ஏனென்றால் நவீனப் போர்ப் பொம்மைகள் செய்வதில்லை என்பது அவங்க கொள்கை. ஸ்டார் வார்ஸின் பெயரிலேயே போர் இருக்கு. ஆனால் செட்கள் பிய்த்துக்கொண்டு விற்றன. 2001-இல் ஹாரி பாட்டர் வந்தது. 2003-இல் இந்த இரண்டு வரிசையிலும் புதுப் படம் வரவில்லை. விற்பனை சரிந்தது, நஷ்டம் பெருகியது. கடன் வாங்கிய கதையை நம்பினால், அந்தக் கதைக்காரரின் ரிலீஸ் தேதியையும் நம்பித்தான் இருக்கணும் என்பது அவங்களுக்கு அப்போ புரிந்தது.

ஆக லைசென்ஸ் பிறந்தது ஒரு தொழில் நெருக்கடியில். குழந்தையின் கற்பனையை வளர்க்கவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. அது விளையாட்டில் என்ன செய்தது என்பதைத் தனியாகத்தான் பார்க்கணும்.

ஒன்று: பார்ட்

முதல் குற்றச்சாட்டு, "ஒரே ஒரு வேலைக்கு மட்டும் பயன்படும் பார்ட்ஸ் அதிகமாயிடுச்சு" என்பது. இது நியாயமான கவலை. நாலு சின்ன பிளாக்கால் கட்ட வேண்டிய கார் முகப்பை ஒரே மோல்டில் வார்த்துக் கொடுத்துட்டா, அது கார் முகப்பாக மட்டும்தான் இருக்கும்.

ஆனால் இந்த நோய் எங்கே முற்றியிருந்தது தெரியுமா? 2001-இல் வந்த ஜாக் ஸ்டோன் என்ற வரிசையில். பெரிய பெரிய ரெடிமேட் துண்டுகள், நாலைந்து அழுத்தில் வண்டி ரெடி. அது எந்தச் சினிமாவின் லைசென்ஸும் இல்லை, லெகோவின் சொந்தச் சரக்கு. அந்தக் காலகட்டத்தில் வேறு வேறு பார்ட்களின் எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது. ஒவ்வொரு புதுப் பார்ட்டுக்கும் தனி ஸ்டீல் மோல்டு வேண்டும், அதன் விலை என்னன்னு நம்ம மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்களைக் கேளுங்க. 2004-இல் ஜோர்கன் விக் க்னுட்ஸ்டார்ப் தலைமை ஏற்ற பிறகு அந்த எண்ணிக்கையைப் பாதி அளவுக்கு வெட்டினார்கள்.

இந்த வெட்டு டிசைனர்களை என்ன செய்தது என்பதுதான் சுவாரஸ்யம். புதுப் பார்ட் கேட்பது கஷ்டமானதால், இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பழகினார்கள். 2014-இல் வந்த பாரிஸ் ரெஸ்டாரன்ட் செட்டில் கட்டடத்தின் முகப்பில் இருக்கும் வெள்ளை அலங்கார வளைவுகள் உண்மையில் குரோசான் ரொட்டித் துண்டுகள். 2021-இல் வந்த போன்சாய் மரத்தில் இளஞ்சிவப்புப் பூக்களை உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தவளை! தவளை தவளையாக மட்டும்தான் இருக்கணும்னு யாரும் சொல்லலை.

லைசென்ஸ் செட்டுக்குள் என்ன இருக்குன்னும் பார்ப்போம். 2017-இல் வந்த பெரிய மில்லேனியம் ஃபால்கன் செட்டில் 7,541 பார்ட்ஸ். அந்தக் கப்பலின் வட்ட உடம்பு ஒரே துண்டாக வருவதில்லை. உள்ளே டெக்னிக் சட்டகம், மேலே நூற்றுக்கணக்கில் சின்னத் தட்டுகளும் சரிவுகளும். பெரும்பாலானவை எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரும். "சுதந்திரமா கட்டு" என்று விற்கும் கிளாசிக் பெரிய பெட்டியில் இருப்பது 790 பார்ட்ஸ். வெறும் பார்ட்ஸை மட்டும் கொட்டி வைத்துப் பார்த்தால், ஃபால்கன் பெட்டி பல மடங்கு பெரிய தேடல் வெளி. முதல் குற்றச்சாட்டு நிற்கவில்லை.

இரண்டு: மேனுவல்

இங்கேதான் கொஞ்சம் கவனமா படிக்கணும், ஏன்னா ஆதாரம் இருக்கிற இடம் இது.

பேஜ் மோரோ, மாரிட் எங்கேசெட் என்ற இரு ஆய்வாளர்கள் லெகோவை வைத்தே ஒரு சோதனை செய்து 2016-இல் வெளியிட்டார்கள். சிலருக்கு ஒரு செட்டும் மேனுவலும் கொடுத்து, அதன்படி கட்டச் சொன்னார்கள். வேறு சிலரிடம் பிளாக்ஸைக் கொடுத்து விருப்பப்படி கட்டச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எல்லோருக்கும் லெகோவோடு சம்பந்தமில்லாத ஒரு கற்பனைப் பயிற்சி. மேனுவலைப் பின்பற்றியவர்கள் அந்தப் பயிற்சியில் பின்தங்கினார்கள். திட்டவட்டமான விடை உள்ள வேலையைச் செய்துகொண்டிருந்த மனசு, விடை தெரியாத வேலைக்கு மாறும்போதும் அதே பழைய கியரிலேயே ஓடுகிறது என்பதுதான் அவர்கள் விளக்கம்.

இந்த ஆய்வைக் காட்டி "லைசென்ஸ் செட் கெட்டது" என்று சொல்ல முடியாது. இரண்டு காரணம். பங்கேற்றவர்கள் குழந்தைகள் இல்லை, பெரியவர்கள். அதைவிட முக்கியமானது, அங்கே இரு குழுவுக்கும் இடையில் மாறிய வேரியபிள் மேனுவல். பெட்டி மேல இருக்கிற சினிமாப் பெயரை அந்த ஆய்வு சோதிக்கவே இல்லை. லெகோ தன் செட்களில் மேனுவல் வைக்கத் தொடங்கியது 1964-இல், ஸ்டார் வார்ஸ் வருவதற்கு 35 வருஷம் முன்னாடி. மேனுவல் செய்த காரியத்துக்கு லைசென்ஸ் மேல கேஸ் போடக்கூடாது.

குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை வேறு ஒன்று உண்டு. எலிசபெத் பொனாவிட்ஸ், லாரா ஷுல்ஸ் குழுவினர் 2011-இல் வெளியிட்டது. ஒரு புதுப் பொம்மை. இழுத்தால் கீச்சுச் சத்தம் வரும். அதோடு வெளிச்சம், இசை, கண்ணாடி என்று வேறு ரகசியங்களும் ஒளிந்திருக்கும். ஒரு குழுவுக்கு "இந்தப் பொம்மை எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறேன் பாரு" என்று சொல்லி, கீச்சுச் சத்தத்தை மட்டும் கற்றுக் கொடுத்தார்கள். மற்றக் குழந்தைகளுக்கு அப்படிக் கற்றுக் கொடுக்கவில்லை. கற்றுக்கொண்ட குழந்தைகள் கீச்சையே திரும்பத் திரும்ப இழுத்தார்கள். மற்ற ரகசியங்களைக் குறைவாகத்தான் கண்டுபிடித்தார்கள். அவங்க முட்டாள்கள் இல்லை; ரொம்பப் புத்திசாலித்தனமாகத்தான் யோசித்தார்கள். "தெரிஞ்சவங்க இதை மட்டும் காட்டினாங்கன்னா, வேற ஒண்ணும் இருக்காது" என்ற முடிவு.

மேனுவலும் பெட்டி மேல இருக்கிற படமும் இதே செய்தியைத்தான் மறைமுகமாகச் சொல்லுது: "இது இதுக்குத்தான்." முன்பெல்லாம் பல லெகோ பெட்டிகளின் பின்பக்கத்தில், அதே பார்ட்ஸை வைத்துக் கட்டக்கூடிய வேறு சில மாடல்களின் போட்டோ இருக்கும். அதற்கு வழிமுறை எதுவும் இருக்காது. படத்தைப் பார்த்து நீயே மண்டையை உடைச்சுக்கோ என்று விட்டுவிடுவார்கள். அந்தச் சின்னப் போட்டோக்கள் செய்த வேலை பெரிசு. "இந்தப் பெட்டிக்கு ஒரே விடை கிடையாது" என்று அவை சொல்லாமல் சொல்லின. ஒரு சினிமாக் கப்பலின் பெட்டியில் அது இருக்க வாய்ப்பு குறைவு. இந்த இடத்தில் லைசென்ஸுக்குக் கொஞ்சம் பொறுப்பு உண்டு: அது ஒரே விடையை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வைக்குது.

மூன்று: கதை

1978-இல் வந்த லெகோ மனிதனின் முகம் நினைவிருக்கா? மஞ்சள் நிறம், இரண்டு புள்ளிக் கண், ஒரு சிரிப்பு. அவன் யாரும் இல்லை, அதனால் யாராகவும் இருக்கலாம். காலையில் போலீஸ், மதியம் டாக்டர், தொப்பி மாறினால் ஆள் மாறியாச்சு. 1989-இல் கடற்கொள்ளையர் வரிசையில்தான் விதவிதமான முகங்கள் வந்தன. லைசென்ஸ் காலத்தில், 2003-2004 வாக்கில், மஞ்சள் போய் நிஜத் தோல் நிறம் வந்தது, முகம் ஒரு குறிப்பிட்ட நடிகரின் முகமானது. அவனுக்கு இப்போ பெயர், குணம், எதிரி எல்லாம் ஏற்கெனவே தீர்மானமாயிடுச்சு.

இது கற்பனையைக் கட்டுப்படுத்தாதா? ஓரளவுக்குச் செய்யும். ஆனால் கடன் வாங்கிய கதையில் கற்பனைக்கு இடமில்லை என்று தமிழ் படித்தவர்கள் சொல்லக்கூடாது. கம்பர் எடுத்துக்கொண்டது வால்மீகியின் கதை. கதை எங்கிருந்து வந்தது என்பதை விட, அதை என்ன செய்ய அனுமதி இருக்கு என்பதுதான் முக்கியம். ஹாக்வார்ட்ஸ் ரயிலை பேட்மேன் ஓட்டட்டும், வேடர் அதில் டிக்கெட் செக் பண்ணட்டும். குழந்தைகள் சும்மா விட்டால் இதைத்தான் செய்வாங்க. உரிமை வைத்திருக்கும் இரண்டு நிறுவனங்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் எத்தனை வக்கீல்கள் வேண்டும்! ஆறு வயசுப் பையனுக்கு ஒருத்தர்கூட வேண்டாம்.

2014-இல் வந்த 'தி லெகோ மூவி' இந்தக் கேள்வியையே கதையாக்கிய படம். மேனுவலை மீறத் தெரியாத ஒரு கட்டடத் தொழிலாளி ஹீரோ. எல்லாவற்றையும் பசை போட்டு அசையாமல் ஒட்டிவிட நினைக்கும் வில்லன். கடைசியில் அந்த வில்லன் யார் என்று தெரியும்போது, அது தன் லெகோ நகரத்தைத் தொடாதே என்று மகனைத் தடுக்கும் ஒரு அப்பா. வேடிக்கை என்னன்னா, மேனுவலை மீறச் சொன்ன அந்தப் படத்துக்கும் மேனுவலோடு செட்கள் விற்றார்கள்.

கட்டுப்பாடு எப்பவும் எதிரியா?

இதற்கு எதிர்வாதமும் உண்டு. முழுச் சுதந்திரம் எப்பவும் கற்பனையைக் கூட்டாது. "ஏதாவது கட்டு" என்று 790 பிளாக்கைக் கொட்டினால், பலர் ஒரு சுவரோ ஒரு வீடோ கட்டிவிட்டு எழுந்து போவாங்க. வெண்பாவுக்குத் தளை தட்டக்கூடாது, ஈற்றடி முச்சீராக முடியணும் என்று எத்தனை விதி! அந்த விதிக்குள் சொல்லைத் தேடும்போதுதான் சும்மா எழுதினால் வந்திருக்காத சொல் வந்து விழுது.

லைசென்ஸும் அப்படி ஒரு விதியாக வேலை செய்யலாம். சினிமாவில் வந்த கப்பலை, செட் வாங்காமல், கையில் இருக்கும் பிளாக்ஸை வைத்துக் கட்ட முயற்சி பண்ணுங்க. வளைவை எப்படிக் கொண்டுவருவது, சாய்வை எப்படிப் பிடிப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு டிசைன் பிரச்சினை. ரீபிரிக்கபிள் என்ற இணையதளத்தில் ஒரு தனி வகையே இருக்கு: ஒரு செட்டின் பார்ட்ஸை மட்டும் பயன்படுத்தி, முற்றிலும் வேறு ஒன்றைக் கட்டுவது. லைசென்ஸ் செட்களும் அதில் நிறைய. லெகோ ஐடியாஸ் திட்டத்தில் ரசிகர்கள் தங்கள் சொந்த டிசைனைப் போடலாம், 10,000 பேர் ஆதரித்தால் நிறுவனம் பரிசீலிக்கும். 'பேக் டு தி ஃபியூச்சர்' கார் அப்படி வந்ததுதான். அங்கே படம் முதலில் வந்தது, ஆனால் மேனுவல் வரவில்லை. அதை ஒரு ரசிகர் யோசிக்க வேண்டியிருந்தது.

இதைக் கவனிங்க. இலக்கு கொடுக்கப்பட்டு, வழி கொடுக்கப்படாவிட்டால், கற்பனை வேலை செய்யுது. இலக்கு, வழி இரண்டுமே கொடுக்கப்பட்டால் கை மட்டும்தான் வேலை செய்யுது.

தேடல் நிற்கும் இடம்

இப்போ மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம். பார்ட்ஸ் நிரபராதி. கதை பாதி நிரபராதி. மேனுவல் கொஞ்ச நேரத்துக்கு மனசை ஒரு தடத்தில் ஓட்டுது, ஆனால் அதிலிருந்து நுட்பங்களையும் கற்றுக்கொள்ளலாம். பக்கவாட்டில் பிளாக்கைப் பொருத்துவது, பளு தாங்கும் சட்டகம் போடுவது எல்லாம் பலரும் மேனுவலில் இருந்தே கற்றார்கள்.

என் கணிப்பில், உண்மையான தடை மேனுவல் முடிந்த பிறகு வருது. கடைசிப் பக்கம், கடைசி பிளாக், பெட்டி மேல இருந்த படம் இப்போ மேஜை மேல. இதற்குப் பிறகு அதைப் பிரிப்பாங்களா, மாட்டாங்களா? எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கு.

கலர் பிளாக்ஸால் கட்டிய வீட்டைப் பிரிக்க யாருக்கும் மனசு வலிக்காது. ஆனால் மேலே சொன்ன ஃபால்கன் வெளியானபோது அமெரிக்காவில் விலை சுமார் 800 டாலர். அதைக் கட்டி முடித்த பிறகு எந்த அப்பா "சரி, உடைச்சு வேற கட்டு" என்று சொல்வார்? ஒரு பார்ட் தொலைஞ்சா படம் முழுமையாகாது. தனியா விற்கும்போது மதிப்பு குறையும். 2020-இல் இருந்து லெகோவே பெரியவர்களுக்காக 18+ என்று முத்திரை போட்டு, ஷெல்ஃபில் வைத்து அழகு பார்க்கும் செட்களைத் தனியாக விற்குது. அதில் தப்பில்லை, பெரியவர்களுக்கு அது ஓய்வு. ஆனால் அதே ஷெல்ஃப் மனநிலை எட்டு வயசுக் குழந்தையின் செட்டுக்கும் வந்துட்டா, பொம்மை ஒரு பரிசுக் கோப்பை ஆயிடுது.

லைசென்ஸின் உண்மையான பாதிப்பு இங்கேதான். அது விலையைக் கூட்டுது, "இதுதான் சரியான வடிவம்" என்ற எண்ணத்தைக் கூட்டுது. இரண்டும் சேர்ந்து பிரிக்கத் தயங்க வைக்குது. பிரிக்காத செட்டின் தேடல் வெளி 91 கோடியா இருந்தாலும், 9,000 கோடியா இருந்தாலும், அந்த வீட்டில் அதன் மதிப்பு ஒன்று.

நமக்கு இதில் என்ன?

இது பொம்மைக் கட்டுரை மாதிரித் தெரிந்தாலும், நான் எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் நம்ம லேப். லைன் ஃபாலோவர் ரோபோ கிட் வாங்கியிருப்பீங்க. மோட்டார், சென்சார், போர்டு, கூடவே கோடு. மேனுவல்படி மாட்டினால் கறுப்புக் கோட்டில் ஓடும். ரெகார்ட் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, பெட்டியில் வைத்து மூடிடறோம். அதுவும் ஒரு லைசென்ஸ் செட்தான். ஆர்டுயினோ போர்டின் பின் வரிசைகள் லெகோ குமிழ் மாதிரி. எதையும் எதோடும் பொருத்தலாம் என்பதற்காகவே செய்தது. ஆனால் நாலு வருஷம் மேனுவல்படி மட்டும் மாட்டியவர்களிடம் ஃபைனல் இயரில் "ஒரு பிரச்சினையை நீங்களே எடுத்துட்டு வாங்க" என்றால், முதல் ரிவ்யூவுக்கு முந்தின நாள் பாதி வகுப்பு ரெடிமேட் ப்ராஜெக்ட் விற்கும் கடையைத் தேடுது. இதைச் சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்லிட முடியாது. கீச்சுச் சத்தம் கற்றுக்கொண்ட குழந்தைகள் செய்ததும் இதுதான்.

மேனுவலைத் தூக்கிப் போடணும்னு நான் சொல்லலை. முதல் தடவை அது வேண்டும். இரண்டாவது தடவை அதே பார்ட்ஸை மேனுவல் இல்லாமல் தொடணும்.

முயற்சி செய்ய

வீட்டில் தம்பி தங்கையோ, அக்கா பசங்களோ கட்டி முடித்த ஒரு செட் இருந்தால் இதைச் செய்து பாருங்க. லெகோதான் வேண்டும் என்று இல்லை, எந்த பிளாக்ஸும் ஓகே.

1. முடிந்த மாடலை ஒரு போட்டோ எடுங்க. "இது தொலைஞ்சு போகாது, திரும்பக் கட்டலாம்" என்று குழந்தைக்குத் தைரியம் வரும். மேனுவலையும் பத்திரமா வைங்க.

2. குழந்தையே பிரிக்கட்டும். நாம பிரிச்சா அது அழிவு, அவங்க பிரிச்சா அது விளையாட்டு.

3. அதிலிருந்து 20 பார்ட்ஸ் மட்டும் எடுங்க. ஓர் இலக்கு சொல்லுங்க, வழி சொல்லாதீங்க: "ஒரு டம்ளர் தண்ணியைத் தாங்குற பாலம்", "பேட்மேன் தூங்குறதுக்கு ஒரு இடம்".

4. ஒன்று கட்டி முடித்ததும், "சூப்பர்" என்று நிறுத்தாமல், அதே 20 பார்ட்ஸில் இன்னொரு விடை கேளுங்க. இரண்டாவது விடைதான் கஷ்டம். பெரும்பாலும் அதுதான் நல்லாவும் இருக்கும்.

இதையே நம்ம லேப் கிட்டுக்கும் செய்யலாம். அடுத்த செமஸ்டர் ஜூனியர்கள் கைக்கு அந்த லைன் ஃபாலோவர் போவதற்கு முன்னாடி, ஒரு சாயங்காலம் சென்சாரைக் கழற்றி வேறு எதன் மேலாவது மாட்டிப் பாருங்க. வேலை செய்யலைன்னா, போட்டோ இருக்கு, திரும்ப மாட்டிடலாம்.